பன்னிரண்டாவது பேய்முகம்

கோப்பியின் முதல் மிடறு நிலத்துக்கு. பிளாஸ்டிக் மூடியின் நாக்கைப் பெருவிரலால் கிழித்து, கோப்பையைச் சற்றே சரித்து, ஒரு தேக்கரண்டி அளவு சீமெந்துத் தரையில் ஊற்றிய பிறகுதான் நீக்கிலாப்பிள்ளை தன் வாயில் வைக்கிறார். எட்டு வருடமாக ஒரே இடம். காரைத் தூக்கி நிறுத்தும் இரும்புத் தூணின் காலடியில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. கராச்சின் கிரேக்க முதலாளி முதல் வருடம் கத்தினார், இரண்டாம் வருடம் கையை விரித்தார். இப்போது புதிதாக வரும் வேலையாட்களிடம், "அதில் மிதிக்காதே, அது நிக்கோவின் இடம்" என்று அவரே சொல்லிவைக்கிறார்.

"பூமிக்கும் விடாய்க்குமெல்லே தம்பி" என்பார், கேட்டால். "என்னோட வேலை செய்த மமானி பழக்கிவிட்டது. விட ஏலாமல் கிடக்கு."

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தின் முடிவில் இருக்கிறது அந்தக் கராச். அடிபட்ட கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்தி, பூசி, உரஞ்சி, பெயின்ற் அடிக்கும் இடம். நீக்கிலாப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். குள்ளம். ஒரு புருவம் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். நரை இல்லை, பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் பூச்சு. இடக்கையில் மட்டும் ஒரு பழைய பருத்திக் கையுறை போட்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையால் கதவைத் தடவுவார், குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று விரல் நின்று நின்று போகும். எனது காரின் கதவில் கடைத்தள்ளுவண்டி இடித்த காயத்துக்கு இன்சூரன்ஸ் கூடுமோ, கூடினால் என்ன செய்வது, கூடாவிட்டாலும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நான் அடுக்கிக்கொண்டு நின்றபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"தம்பி, உது காயமே இல்லை. சொறி. நாளைக்கு வா."

எதையும் அவரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், திருத்திவிடுவார். அவருடைய பெருமையும் அதுதான், குற்றமும் அதுதான். யோகமலர் அக்கா, அவருடைய மனைவி, ஒருமுறை புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாராம். திரும்பி வந்தபோது அது நான்கு துண்டாகக் கிடந்ததாம். "என்னெண்டு கேட்டால், 'மேசையில கிடந்துது, பழுது எண்டு நினைச்சன்' எண்டுறார்" என்று அவர் சிரிக்காமல் சொல்வார்.

அந்தக் கராச்சில், பம்பர்கள் அடுக்கிய தட்டுக்கு மேலே, தை மாதக் கடைசியில் ஒரு பேய்முகம் வந்து உட்காரும். நெற்றியிலிருந்து இரண்டு கொம்பு, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இரண்டுக்கும் நடுவே மூன்று தலைப் பாம்பு. மின்குமிழ் போலப் பிதுங்கிய கண்கள், கண்ணாடித் துண்டால் பற்கள், சிவப்பும் பச்சையும் தங்கமும். காரை விட வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு இவரைப் பார்ப்பார்கள்.

"பயப்பிடாதேங்கோ" என்பார். "உது எங்கட பசாசு இல்லை. உது மாதாவைக் கும்பிட வாற பசாசு."

எலுத்தேரியோ மமானி பொலிவியாக்காரர். ஒருறோ என்ற மலையூரில் தகரச் சுரங்கத்தில் பதினேழு வருடம் வேலை செய்துவிட்டு, சுரங்கத்தை மூடியதும் எங்கெங்கோ அலைந்து ரொறன்ரோவுக்கு வந்தவர். நீக்கிலாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று கார்களை உரஞ்சியவர். அவர்களுடைய ஊரில் நிலத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் பேய்க்குச் சொந்தம். அந்தப் பேயை மரியாதையாக 'மாமா' என்று அழைப்பார்களாம். இறங்குகிறவன் மாமாவின் வாயில் ஒரு சிகரெட்டைக் கொளுத்தி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே இருப்பது மாதாவுக்கு. சுரங்கத்து மாதா என்றே பெயர். தவக்காலம் தொடங்குவதற்கு முன் வரும் சனிக்கிழமை, கீழே இருக்கும் மாமா மேலே ஏறிவந்து, கொம்பும் கண்ணுமாக ஊர் முழுக்க ஆடி, கடைசியில் கோவிலுக்குள் முழங்காலில் ஊர்ந்துபோய், மாதாவுக்கு முன்னால் முகத்தைக் கழற்றி வைப்பார். தேவதூதரான மிக்கேல் சம்மனசு வாளோடு முன்னால் போகும். பசாசுகள் பின்னால். திரும்பும்போது மாதாவுக்கு முதுகு காட்டக் கூடாது. பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும்.

"நாங்கள் குருநகரிலை பசாசை விரட்டத்தான் செபம் சொன்னனாங்கள். இவங்கள் கூட்டிக்கொண்டு வந்து பூசை காட்டுறாங்கள்" என்று நீக்கிலாப்பிள்ளை முதலில் வாயைப் பிளந்திருக்கிறார். அதற்கு மமானி சொன்னாராம்: "வருஷத்தில ஒரு நாளாவது அவரும் தாயைப் பார்க்க வேண்டாமோ?"

ரொறன்ரோவில் இதை ஆட நாற்பது குடும்பம்கூட இல்லை. ஊரைச் சுற்ற முடியாது. மாசி மாதத்தில் வீதியில் முழங்காலளவு பனி. வார்டன் வீதிப் பக்கம் ஒரு கோவிலின் கார்த் தரிப்பிடத்தில் உப்புத் தூவி, அதில் அரைமணி நேரம் ஆடி, பக்கத்துக் கதவால் உள்ளே போவார்கள். பன்னிரண்டு பேய், ஒரு சம்மனசு, ட்ரம்பெட் ஊதுகிற இரண்டு பேர். பேய்முகங்கள் ஊரிலிருந்து வரும்போதே கொம்பு முறிந்து வரும். கார்க்கதவின் ஓட்டையை அடைக்கும் அதே ஃபில்லரைக் குழைத்து நீக்கிலாப்பிள்ளை அவற்றை ஒட்டினார். பெயின்ற் மட்டும் இல்லை, அதன்மேல் மினுக்குப் பூச்சும். பொலிவியாப் பேய்களுக்கு ஜப்பான் கார்களின் பளபளப்பு வந்தது.

அந்தக் கோவிலிலேதான் எங்களுடைய தமிழ்ப் பூசையும். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்துவரை மண்டபம் அவர்களுக்கு. ஐந்து மணிக்கு எங்கள் பாடகர் குழுவின் ஒத்திகை. அவர்கள் விட்டுப்போன மினுக்குத் தாள்களைக் கூட்டிவிட்டு நாங்கள் சுருதி பிடிப்போம்.

ஆடுகிறவர்கள் நேர்த்தி வைத்து ஆடுகிறவர்கள். ஒரு வருடம் ஆடிவிட்டு விட முடியாது. மூன்று வருடம். மமானியின் மனைவி பசிலியாவுக்கு விசா கிடைக்காமல் நான்கு வருடம் இழுபட்டது. "அவள் வந்து சேர்ந்தால் மூன்று வருஷம் ஆடுறன்" என்று மாதாவுக்குச் சொன்னாராம். தொண்ணூற்றிரண்டு கார்த்திகையில் பசிலியா வந்து இறங்கினார். தொண்ணூற்றிமூன்றில் மமானி ஆடினார். தொண்ணூற்றிநான்கில் ஆடினார். தொண்ணூற்றைந்துக்குச் சற்று முன் மூக்கில் குழாய் ஏறிவிட்டது. சுரங்கத்துத் தூசி, நுரையீரலில் பதினேழு வருடமாகப் படிந்தது.

"நிக்கோ" என்று கூப்பிட்டு, "மூண்டாவதை எனக்காக நீ ஆடுறியோ?" என்று கேட்டார். நீக்கிலாப்பிள்ளை, "ஓம்" என்றார். ஒரே சொல். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் ஒரு விரலைக் காட்டுகிறார்.

இரண்டு மாதம் பழகினார். வேலை முடிந்து கதவைச் சாத்தியபின், கார்களுக்கு நடுவே. மமானி ஒரு பழைய கார் சீற்றில் சாய்ந்திருந்து கைதட்டித் தாளம் போடுவாராம். மூன்று எட்டு முன்னால், ஒரு துள்ளல், பக்கவாட்டில் ஒரு திரும்பல். "ஊரில கூத்தில மூண்டு முறை மேடை ஏறினனான். மூண்டு முறையும் சேவகன். ஈட்டியைப் பிடிச்சுக்கொண்டு விடியும்வரை நிக்கிறது. வசனமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஐம்பத்தஞ்சு வயசிலதான் எனக்கு ஒரு வேஷம் கிடைச்சது, தம்பி." பேய்முகத்தின் உள்ளே இருந்த பழைய துணியை எடுத்துவிட்டு, தன் தலைக்கு அளவாகக் கார் இருக்கைப் பஞ்சை வெட்டி ஒட்டினார். ஆறு கிலோப் பாரம். ஆட்டினாலும் அசையவில்லையாம்.

அந்த வருடம் மாசி இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. பேய்முகத்தை முன்னிருக்கையில் வைத்து, விழுந்து கொம்பு முறியாமலிருக்க பெல்ற்றும் போட்டு, கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். தரிப்பிடத்தில் அவர் இறங்குவதற்கிடையில் பக்கத்தில் ஒரு வான் வந்து நின்றது. பாடகர் குழுத் தலைவர் அலெக்ஸாண்டர் அங்கிளின் வான். ஒத்திகைக்கு முன் பாட்டுத் தாள்களைப் பிரதி எடுக்கவென்று அன்று நேரத்தோடு வந்திருந்தோம். அலெக்ஸாண்டர் அங்கிளின் அக்கா மகனுக்கு நீக்கிலாப்பிள்ளையின் மகளைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வீட்டாரும் சாப்பிட்டாகிவிட்டது, நாள் மட்டும் குறிக்கவில்லை.

அங்கிள் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன நீக்கிலா அண்ணை, ஆரைப் பக்கத்தில இருத்தி, பெல்ற்றும் போட்டுக் கூட்டிக்கொண்டு வாறியள்?"

வானுக்குள் சிரிப்பு.

"பொம்பிளையோட சீதனமா உதையும் அனுப்பப் போறியளோ? சொல்லிப்போடுங்கோ, இப்பவே அக்காட்டைக் கேக்கிறன்!"

சிரிப்பு இன்னும் கூடியது. பகிடிதான். அலெக்ஸாண்டர் அங்கிள் நல்ல மனிதர். அவருக்கு எல்லாமே பகிடிதான். பின் இருக்கையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நீக்கிலாப்பிள்ளையும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"சீச்சீ. உது கராச்சுக்குத் திருத்த வந்த சாமான். குடுத்திட்டுப் போக வந்தனான்."

சொன்னபடியே செய்தார். முகத்தைக் கொண்டுபோய் மண்டப வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்து, முதுகு பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். கோவிலுக்குள்ளே, முன்வரிசை வாங்கில், போர்வையைச் சுற்றிக்கொண்டு மமானி இருந்தார். முழங்காலில் ஊர்ந்து வந்த பேய்களை அவர் எண்ணினாராம். பதினொன்று. இன்னொருமுறை எண்ணினாராம். பசிலியா பிற்பாடு சொன்னது இது. அடுத்த நாள் நீக்கிலாப்பிள்ளை சூப்போடு பார்க்கப் போனபோது மமானி வேறொன்றும் கேட்கவில்லை.

"முதுகு எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

"பரவாயில்லை" என்றாராம் இவர்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னர் மமானி இறந்துபோனார். ஆடி மாதம் மகளுக்குக் கலியாணம் நடந்தது. அவர்களுக்கு விட்பியில் புது வீடு. ஒரே மாதிரி நூறு வீடுகளில் ஒன்று. போன நத்தார்ப் பண்டிகைக்குச் சாப்பாட்டு மேசையில், முதல்முறையாக இந்தக் கதையை நீக்கிலாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார். மகள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். "அப்பா, ஸீரியஸ்லி? அதுக்காகவோ ஆடாமல் விட்டனீங்கள்? ஹூ கெயார்ஸ்?" மருமகன், "மாமா, யூ ஷுட் ஹாவ் டன் இற். நான் வீடியோ எடுத்திருப்பன்" என்றான்.

"அவங்கள் சொன்னது சரிதான் தம்பி" என்றார் என்னிடம். "ஆரும் என்னைப் பிடிச்சு நிப்பாட்டேல்லை. நானேதான் நிண்டன்." சொல்லிக்கொண்டே எனது காரின் கதவை உரஞ்சினார். எந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசுகிறோம், அந்த வானில் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். உரஞ்சும் கை நிற்கவில்லை. நான்தான் கதவின் பூட்டை இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் பசிலியா வந்தார். இந்தத் தை மாதம், கடைசிக் கிழமை. அஜின்கோர்ட்டில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. அந்த நீலச் சட்டையோடு, இரண்டு பஸ் மாறி, பேய்முகத்தைக் குழந்தைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு தையிலும் இப்படித்தான் வருவாராம். இவர் சுரண்டி, பூசி, புதுப் பெயின்ற் அடித்துக் கொடுப்பார். அவர் நன்றி சொல்லிக்கொண்டு போவார். யாரும் அதை ஆடுவதில்லை. இருவரும் பேசுவது ஆங்கிலம். இருவருடையதும் ஒரே அளவு முறிந்தது. 'ஓம்', 'பொறு' இரண்டும் பசிலியாவுக்குத் தமிழில் தெரியும்.

"வை உதில" என்றார் நீக்கிலாப்பிள்ளை, சாண்ட்பேப்பரை எடுத்துக்கொண்டு. "இந்த முறை எங்க வெடிச்சது?"

"எங்கயும் வெடிக்கேல்லை."

"அப்ப பெயின்ற்?"

"பெயின்ற்றும் நல்லாத்தான் இருக்கு. போன வருஷமும் நல்லாத்தான் இருந்தது. அதுக்கு முதல் வருஷமும்."

நீக்கிலாப்பிள்ளை பேய்முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறைக் கையால் கொம்பைத் தடவினார். சொறிகூட இல்லை.

"அப்ப ஏன் கொண்டு வந்தனீ?"

"நீ கேப்பாய் எண்டு."

உரஞ்சும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பசிலியா."

"நேர்த்தியை ஆரும் கேட்டு வாங்கிறேல்லை, நிக்கோ. தாறவன் தானாத் தரவேணும். நான் கொண்டு வந்து உன்ர கையில வைச்சன். நீ பெயின்ற் அடிச்சுத் தந்தாய்."

நீக்கிலாப்பிள்ளை சாண்ட்பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "இந்த முறை நான் ஆடுறன் எண்டால்?" என்றார்.

"ஆடு. ஆனால் அது உன்ர முதலாம் வருஷம். அவற்ர மூண்டாவது இல்லை." பசிலியா கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "அவற்ரயை நான் முடிக்கிறன். என்னாலதானே அவர் நேர்த்தி வைச்சவர். என்ர தலைக்கு அளவெடு."

"நீயோ! ஆறு கிலோ. உன்ர கழுத்து..."

"நான் தூக்கிற குப்பைப் பை அதைவிடப் பாரம். பொறு, பொறு எண்டு சொல்லாமல் அள."

அளவு நாடா அகப்படவில்லை. பெயின்ற் அடிக்கும்போது கண்ணாடி ஓரங்களில் ஒட்டும் கடதாசி நாடாவைக் கிழித்து, பசிலியாவின் தலையைச் சுற்றி ஒட்டி அளவெடுத்தார். நெற்றியில் அந்தப் பச்சைப் பட்டையோடு பசிலியா ஒரு ராணியைப்போல ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேய்முகத்தைக் கவிழ்த்து, உள்ளே இருந்த பஞ்சை நீக்கிலாப்பிள்ளை மெல்லக் கழற்றினார். மூன்று வருடமாக யாருடைய தலையும் படாத பஞ்சு. அகன்ற நெற்றி, இடது காதுப் பக்கம் ஒரு சின்ன மேடு. அப்படியே நீக்கிலாப்பிள்ளையின் தலை. குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனார். திரும்பி வந்து சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

"ரிப்பனுக்குப் பதிலா ஒரு சாமான் பூட்டித் தாறன்" என்றார். மற்றப் பேய்கள் தாடைக்குக் கீழே ரிப்பனால் கட்டிக்கொள்வார்கள். குளிரில் முடிச்சு இறுகிவிடும், கழற்ற இன்னொருவர் வேண்டும். பின்பக்கம் நசுங்கி, உடைக்கப் போகவிருந்த ஒரு காரிலிருந்து இருக்கைப் பெல்ற்றின் கொளுக்கியை வெட்டியெடுத்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு விரலில் விட்டுவிடும். அதைத் தன் தாடையின் கீழ் வைத்து ஐந்தாறு தரம் பூட்டித் திறந்து, சரி என்ற பிறகே தைத்தார்.

மாசி இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, நான் ஒத்திகைக்கு நேரத்தோடு போனேன். நீக்கிலாப்பிள்ளை கோவிலின் கடைசி வாங்கில், வாசலோரம் இருந்தார். வேலைச் சட்டை இல்லை, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். தலையசைத்தார். வெளியே ட்ரம்பெட் நின்றது. கதவு திறந்தது. முதலில் குளிர் வந்தது, பிறகு வாளோடு சம்மனசு, பிறகு முழங்காலில் ஊர்ந்தபடி பேய்கள். கொம்புகளில் பனி. எங்கள் பாடகர் குழுவில் நாலைந்து பேர் பாட்டுப் புத்தகங்களோடு மண்டப வாசலில் நின்று பார்த்தார்கள். அலெக்ஸாண்டர் அங்கிளும் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளையின் உதடுகள் அசைந்தன. செபம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றுக்குப் பிறகு ஒரு இடைவெளி. அதன் பின்னால், மெதுவாக, ஒவ்வொரு முழங்காலாக எடுத்து வைத்து, சிறிய உருவம் ஒன்று பெரிய தலையோடு வந்தது. கொம்புகள் ஆடின, தலை ஆடவில்லை. "பன்ரெண்டு" என்றார், எனக்குக் கேட்கும்படியாக.

மாதாவுக்கு முன்னால் எல்லோரும் முடிச்சுகளோடு மல்லுக்கட்டினார்கள். ஒருவர் ரிப்பனை ஒருவர் அவிழ்த்தார்கள். பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். பசிலியாவுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அவர் கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனார்.

'டிக்' என்றது கொளுக்கி. காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது கேட்குமே, அதே சத்தம். கடைசி வாங்குவரை கேட்டது.

நீக்கிலாப்பிள்ளையின் இடக்கை எழுந்து அவருடைய தாடைக்குக் கீழே போனது. அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் கழுத்துத் தோலில் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன.